மான் சுட எந்த ‘போர்’ துப்பாக்கி? திருச்சி முதல் மெல்போர்ன் வரை மாறும் கணக்கு!

திருச்சி பாலக்கரை ரவுண்டானாவில் வண்டியை எடுத்து, ஏர்போர்ட் தாண்டிப் போனால் நவல்பட்டு. 1966-ல் தொடங்கப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. ராணுவத்துக்கான இன்சாஸ் ரைஃபிள், ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ என்று ஊர் பெயரையே சுமக்கும் துப்பாக்கி எல்லாம் இங்கே தயாரானவைதான். ஆனால் லைசென்ஸ் வைத்திருக்கும் சாதாரண ஆட்கள் வாங்குவதற்கென்றும் இந்தத் தொழிற்சாலை ஒரு துப்பாக்கி செய்திருக்கிறது: 12 போர் பம்ப் ஆக்‌ஷன். வெளிநாடுகளில் வாத்து, முயல், சில இடங்களில் மான் வரைக்கும் வேட்டைக்குப் பயன்படுத்தும் ரகம் அது.

2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் மாநில துப்பாக்கி சுடும் போட்டிக்காகத் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்து பதக்கங்களோடு போன பிறகு, ‘பாயிண்ட் 22’, ‘25 மீட்டர் பிஸ்டல்’ போன்ற வார்த்தைகள் ஊரில் பலருக்கும் பழகிவிட்டன. அதோடு யூடியூபில் அமெரிக்க, ஆஸ்திரேலிய வேட்டை வீடியோக்களும் ஓடுகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சண்டை, மான் வேட்டைக்கு எந்த கேலிபர் சரி என்பது. .243 போதுமா, .270 வேணுமா, .308 தான் பெஸ்ட்டா?

பாலக்கரையில் வளர்ந்து இப்போது மெல்போர்னில் வேலை பார்க்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டால், அதற்குச் சட்டப் புத்தகத்திலேயே பதில் உண்டு. அவருடைய சித்தப்பா மகன் பாலக்கரையில் இருந்து அதையே கேட்டால், பதில் ஒரே வரி: எதுவும் கிடையாது. இத்தனைக்கும் இருவர் பேசுவதும் ஒரே விலங்கைப் பற்றித்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணக் காடுகளில் திரியும் ‘சாம்பார்’, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் கடமானேதான். மிளா என்றும் சொல்வோம். 1860-களில் இந்தியா, இலங்கைப் பக்கம் இருந்து அங்கே கொண்டுபோய் விடப்பட்டு, இன்று அங்கே பெருகிக் கிடக்கிறது.

‘போர்’, ‘கேலிபர்’... என்ன கணக்கு இது?

முதலில் வார்த்தை. இங்கே ‘போர்’ என்றால் யுத்தம் இல்லை. துப்பாக்கிக் குழலின் துளை. கேலிபர் என்பது அந்தத் துளையின் விட்டம். .315 என்றால் ஓர் அங்குலத்தில் 0.315 பங்கு, அதாவது 8 மில்லிமீட்டர். .303 என்றால் 7.7 மில்லிமீட்டர். .30 அங்குலத்தை மில்லிமீட்டருக்கு மாற்றினால் சரியாக 7.62. இந்த 7.62-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

12 போர் மட்டும் வேறு கணக்கு. அது அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல்தான் 12 போர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் இந்த வகையில் எண் கூடினால் குழல் சிறுக்கும். 16 போர், 12 போரை விடச் சின்னது.

எண் பெரிதாக இருந்தால் சக்தி அதிகம் என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. ஷூட்டிங் கிளப்பில் பயன்படுத்தும் .22 தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் சக்தி 150 ஜூல் அளவில் இருக்கும். .243 என்பது .22-ஐ விட அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் அகலம். ஆனால் அதன் தோட்டாவில் மருந்து பல மடங்கு. 6.5 கிராம் குண்டை விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் தள்ளும். சக்தி 2,600 ஜூலைத் தொடும். ஸ்கூலில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரம்தான்: எடை இரண்டு மடங்கானால் சக்தி இரண்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு.

ஆக, கேலிபர் எண் மட்டும் பார்த்துத் துப்பாக்கியை எடை போடுவது, ‘எத்தனை சிசி’ என்று மட்டும் கேட்டு வண்டி வாங்குவது மாதிரி. குண்டின் எடை, வேகம், குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மானுக்கு எவ்வளவு வேண்டும்?

வேட்டையை அனுமதிக்கும் நாடுகளில் இந்தக் கேள்வி வீரத்தைப் பற்றியது இல்லை, வலியைப் பற்றியது. சிறிய குண்டு பட்டால் மான் விழாது. ஓடும். காயத்தோடு பல மணி நேரம், சில சமயம் பல நாள் இருந்து சாகும். அதைத் தடுக்கத்தான் பல நாடுகள் குறைந்தபட்ச அளவை எழுதி வைத்திருக்கின்றன.

இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் இதில் கறாரானது. ரைஃபிள் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குழல் முனையில் சக்தி 2,305 ஜூலுக்குக் குறையக் கூடாது. விக்டோரியாவில் மானின் உடம்பைப் பொறுத்து அளவு மாறும். புள்ளிமானுக்குக் குறைந்தது .243 கேலிபர், 80 கிரெய்ன் குண்டு. கடமானுக்குக் குறைந்தது .270 கேலிபர், 130 கிரெய்ன். கிரெய்ன் என்பது குண்டை நிறுக்கும் பழைய அளவு. 130 கிரெய்ன் சுமார் 8.4 கிராம். ஏன் இந்த வித்தியாசம்? வளர்ந்த ஆண் புள்ளிமான் 70 முதல் 90 கிலோ. ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். தோல் தடிமன், எலும்பு கனம், நுரையீரல் வரை குண்டு போய்ச் சேர வேண்டிய ஆழம் எல்லாமே வேறு.

சரி, அப்போ பெருசா ஒண்ணு எடுத்தா பிரச்னை தீர்ந்ததா? இல்லை. சக்தி கூடக் கூடத் தோளில் உதை கூடும். உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் உடம்பு சிலிர்க்கும், குறி நாலு விரல்கடை விலகும். இதயம், நுரையீரல் இருக்கும் இடத்தில் பட வேண்டியது வயிற்றில் படும். வேட்டை பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, தாங்க முடியாத பெரிய கேலிபரை விட, சரியாகக் குறி வைக்க முடிந்த நடுத்தர கேலிபர் மேல் என்பதைத்தான்.

குண்டின் வகையைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டுப் பெயர் ஒன்று எட்டிப் பார்க்கிறது. இங்கிலாந்துச் சட்டம் மானுக்கு மென்முனைக் குண்டோ, குழிமுனைக் குண்டோதான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. இவை உடம்புக்குள் போனதும் காளான் மாதிரி விரியும். உள்ளே சேதம் அதிகம், மரணம் சீக்கிரம். முழுக்க உலோக உறை போட்ட ராணுவக் குண்டு ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். இப்படி விரியும் குண்டை .303 ரைஃபிளுக்காக 1890-களில் பிரிட்டிஷார் செய்த இடங்களில் ஒன்று கொல்கத்தா அருகே உள்ள டம்டம் தொழிற்சாலை. ‘டம்டம் குண்டு’ என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். மனிதர்கள் மேல் இதைப் பயன்படுத்துவது கொடூரம் என்று 1899 ஹேக் மாநாட்டில் போருக்குத் தடை போட்டார்கள். மனிதனுக்குக் கொடூரம் என்று தடுக்கப்பட்ட குண்டு, மானுக்கு அதுதான் கருணை என்று சட்டமாகியிருக்கிறது. இரண்டிலுமே நியாயம் இருப்பதுதான் விசித்திரம்.

இந்தியாவில் மட்டும் ஏன் ‘பாயிண்ட் 315’?

இந்தியாவில் லைசென்ஸ் ரைஃபிள் என்றால் பெரும்பாலும் காதில் விழும் எண் .315. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை இன்றும் அறியப்படுவது இந்த ‘ஸ்போர்ட்டிங் ரைஃபிளுக்காக’த்தான். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இந்தப் பெயரைச் சொன்னால் பலர் விழிப்பார்கள். அப்படி என்றால் இந்த எண் எங்கிருந்து வந்தது? மானை அளந்து வந்ததில்லை. அரசாங்கத்தின் பயத்தில் இருந்து வந்தது.

அந்தப் பயத்துக்குத் திருச்சியிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 1801 ஜூன் 16-ல் மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. கிளர்ச்சியை ஒடுக்கிய கையோடு, அதே ஆண்டு டிசம்பரில் பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சென்னை அரசு அறிவித்தது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதற்கும் லைசென்ஸ் முறையை இறுக்கியது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு!

அடுத்த கட்டம்தான் கேலிபருக்கு வருகிறது. வடமேற்கு எல்லைப் பழங்குடிகளிடம் பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைஃபிள்கள் இருந்தன. அவற்றின் குண்டு .450. வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் .450 தோட்டாக்கள் அவர்கள் கைக்குப் போனால், குண்டை உருவி எடுத்து அரசின் மேலேயே சுடலாம். அதனால் 1900-களின் தொடக்கத்தில் .450 கேலிபர் இந்தியாவுக்குள் வரத் தடை. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கோ இந்தியா பெரிய மார்க்கெட். என்ன செய்தார்கள்? எண்ணை மாற்றினார்கள். .465, .470, .475 என்று கொஞ்சம் கொஞ்சம் விலகிய புதுப்புது கேலிபர்கள் வரிசையாக வந்தன. புலிக்கும் யானைக்கும் தேவைப்பட்ட மாற்றம் இல்லை அது. கஸ்டம்ஸ் அதிகாரிக்காகச் செய்த மாற்றம்.

.315 கதையும் இதே ரகம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் ரைஃபிள் .303. அதே தோட்டாவைச் சுடும் துப்பாக்கியைத் தனியாரிடம் விட்டால், ராணுவக் கிடங்கில் இருந்து தோட்டா திருடுபோகும், கலகக்காரர்களுக்குப் பயன்படும். எனவே பிரிட்டிஷ் ராணுவத்தில் இல்லாத ஒரு தோட்டா தேவைப்பட்டது. ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாதான் ‘.315’ என்ற பெயரில் இந்தியச் சந்தைக்குப் பொருத்தப்பட்டது. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனி இதற்கான ரைஃபிள்களைச் செய்து அனுப்பியது. பிறகு இஷாப்பூர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? விட்டத்தில் 0.3 மில்லிமீட்டர். .315-ன் குண்டு 15.8 கிராம், வேகம் விநாடிக்கு 620 மீட்டர் வாக்கில். .303-ன் குண்டு 11.3 கிராம், வேகம் சுமார் 740 மீட்டர். கணக்குப் போட்டால் இரண்டுமே 3,000 ஜூலை ஒட்டி வருகின்றன. அதாவது சக்தியில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று குடிமகனுக்கு அனுமதி, இன்னொன்று தடை. தடை வந்தது துப்பாக்கி எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதற்காக இல்லை, யாருடைய தோட்டா அதில் நுழையும் என்பதற்காக.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த லாஜிக் மாறவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், ராணுவத்தின் .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய எந்த ரைஃபிளையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைக்கின்றன. பேச்சு வழக்கில் ‘புரொஹிபிட்டட் போர்’. அமெரிக்காவில் மான் வேட்டைக்கு மிகவும் விரும்பப்படும் .308, ராணுவத்தின் 7.62 தோட்டாவுக்கு இரட்டைப் பிறவி மாதிரி. அதனால் இங்கே அது பிரச்னை. ஆனால் அதே 7.62 மில்லிமீட்டர் துளை கொண்ட, இன்னும் சக்தி வாய்ந்த .30-06 ரைஃபிளை இஷாப்பூர் தொழிற்சாலையே பொதுமக்களுக்காகச் செய்கிறது! எப்படி? .30-06 தோட்டாவின் பித்தளைக் கூடு 12 மில்லிமீட்டர் அதிகம் நீளம். ராணுவத் தோட்டாவை அதில் முறையாகப் போட்டுச் சுட முடியாது. அவ்வளவுதான்.

பழைய வேட்டைக் கதைகளில் வரும் எண்களையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாக வந்தது .275 ரிக்பி. ஓசூர், தர்மபுரி காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். இரண்டும் பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாக்கள் இல்லை.

ஒரு காலத்தில் மானுக்கு லைசென்ஸ் இருந்ததா?

இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த அன்றே வேட்டை முழுக்க நின்றுபோனது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சட்டம் விலங்குகளைப் பட்டியல்களாகப் பிரித்து, சிலவற்றை லைசென்ஸோடு வேட்டையாட வழி வைத்திருந்தது. புள்ளிமான் அப்போது ‘பெரிய வேட்டை விலங்கு’ பட்டியலில்தான் இருந்தது. 1991 திருத்தம்தான் அந்தக் கதவை மூடியது. விளையாட்டுக்காக மான் சுடுவது என்ற விஷயமே அதோடு இந்தியாவில் முடிந்தது.

2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடமானும் வெளிமானும் முதல் அட்டவணையில். இவற்றை வேட்டையாடினால் 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில். 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, காயப்படுத்துவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதும் சட்டப்படி வேட்டைதான். ‘ஃப்ரெண்ட் ஒருத்தர் ஊர்ல இருந்து மான் கறி கொண்டு வர்றார்’ என்று யாராவது சொன்னால், அந்தக் கறி சட்டத்தின் பார்வையில் அரசுச் சொத்து. வாங்கி வைத்திருப்பவர் மேலும் வழக்கு பாயும்.

இந்தியாவில் மானும் கேலிபரும் சேர்ந்து செய்தியான பிரபல வழக்கு சல்மான் கானுடையது. 1998-ல் ஜோத்பூர் அருகே வெளிமான் வேட்டையாடிய வழக்கில் 2018 ஏப்ரல் 5-ல் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜாமீனில் வெளியே வந்தார். இதோடு தனியாக ஓர் ஆயுத வழக்கும் ஓடியது. லைசென்ஸ் காலாவதியான .22 ரைஃபிளும் .32 ரிவால்வரும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அதில் 2017 ஜனவரி 18-ல் விடுதலையானார். மானுக்கு ஒரு வழக்கு, துப்பாக்கிக்கு இன்னொரு வழக்கு என்று இரண்டும் தனித்தனிப் பாதையில் போகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். (வெளிமான் உண்மையில் மான் குடும்பமே இல்லை, இரலை இனம். கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்காது. தமிழில் எல்லாவற்றையும் ‘மான்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.)

நிஜத்தில் இங்கே மான் எதால் சாகிறது?

பெரம்பலூர் பக்கக் காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் உண்டு. கோடியக்கரையில் வெளிமானும் புள்ளிமானும். தமிழ்நாட்டில் திருட்டு வேட்டையில் பிடிபடும் துப்பாக்கிகளில் .270-யோ .308-ஓ தேடினால் ஏமாற்றம்தான். பிடிபடுவது பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயத் துண்டோ பால்ரஸ் குண்டுகளோ போட்டு, கம்பியால் இடித்துச் சுடும் ரகம். இதற்கு கேலிபர் என்று ஒன்று சொல்லவே முடியாது. கையில் கிடைத்த இரும்புக் குழாயின் அளவுதான் அதன் அளவு.

வேட்டைக்காரர் கணக்கிலேயே பார்த்தாலும் இது மிக மோசமான கருவி. பால்ரஸ் குண்டுகள் சிதறிப் போகும். உருண்டையாக இருப்பதால் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். கொஞ்ச தூரம் தாண்டினால் தோலைக் கிழிக்குமே தவிர, ஆழம் போகாது. இரவில் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு சுடும்போது எது மான், எது மாடு, எது மனிதன் என்பதே தெரியாது. மருந்து அளவு கொஞ்சம் கூடினால் குழல் சுடுகிறவர் கையிலேயே வெடிக்கும். தண்டனையும் சின்னது இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதற்கோ விற்பதற்கோ 7 ஆண்டு முதல் ஆயுள் வரை போகலாம். லைசென்ஸ் உள்ளவரும் இனி இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று.

ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 0.177 அங்குலத்துக்கு மேல் துளையோ, 20 ஜூலுக்கு மேல் சக்தியோ இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி அதற்கும் லைசென்ஸ் வேண்டும். 20 ஜூலையும், மானுக்கு இங்கிலாந்து கேட்கும் 2,305 ஜூலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏர்கன்னால் மானைச் சுடுவது வேட்டையில் சேராது, சித்திரவதை.

பயிரை மேய்ந்தால் சுடலாமா?

விவசாயிகள் தரப்பில் இருந்து வரும் நியாயமான கேள்வி இது. லைசென்ஸ் துப்பாக்கி இருந்தாலும் தானாகச் சுட முடியாது. முதல் அட்டவணை விலங்கு என்றால் மனித உயிருக்கு ஆபத்து, அல்லது தீராத நோய், ஊனம் போன்ற நிலை இருக்க வேண்டும். இரண்டாம் அட்டவணை என்றால் பயிர்ச் சேதத்தையும் காரணமாகக் காட்டலாம். இரண்டிலும் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். மத்திய அரசு ‘தொல்லை விலங்கு’ என அறிவித்திருந்த பீகாரின் நீலான்களை 2016-ல் மொகாமா பகுதியில் ஆட்களை வைத்து நூற்றுக்கணக்கில் சுட்டபோது நாடு முழுக்க சர்ச்சை. தமிழ்நாட்டில் இப்போதைக்குப் பேச்சு காட்டுப்பன்றியோடு நிற்கிறது. காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறை மூலம் சுட 2025 ஜனவரியில் அரசு வழி செய்தது. மான் அந்தப் பட்டியலில் இல்லை.

மெல்போர்ன்காரருக்கும் வேலை சுலபம் என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கி லைசென்ஸுக்கு ‘வேட்டை’ போன்ற உண்மையான காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. மான் வேட்டைக்குத் தனி கேம் லைசென்ஸ். 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு, தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிள்கள் சாதாரண ஆட்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன்தான் வழக்கம். இத்தனையும் தாண்டியவருக்குக் கடமானுக்கான பதில் .270, 130 கிரெய்ன், அதற்கு மேல் அவர் தோள் தாங்கும் வரை. நம்ம ஊர் .315 அங்கே போனால் அந்த அளவுகளில் தாராளமாகப் பாஸாகும்.

அந்த .315-ம் 12 போரும் இங்கே வேறு வேலைக்குப் போய்விட்டன. பாலக்கரையில் ஏ.டி.எம்.முக்குப் பணம் நிரப்ப வேன் வந்து நிற்கும்போது, கதவோரம் நிற்கும் காவலர் தோளில் தொங்கும் நீளத் துப்பாக்கியைப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.